ஊருணி பச்சையானால் மருந்து போய்விட்டது என்று அர்த்தமில்லை

தண்ணீர் சோதனைக்கு என்று என்னிடம் இந்த மாதத்தில் வந்த மூன்றாவது பாட்டில் இது. காரைக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் கலர் பாட்டிலில் ஊருணித் தண்ணீர் கொண்டுவந்தார். கரும்பச்சையாக இருந்தது.

"பத்து நாளைக்கு முன்னாடி பயலுக மருந்தடிச்ச டேங்கை இதுலதான் கழுவுனானுக தம்பி. இப்பப் பாசி நல்லாப் பிடிச்சிருச்சு. பாசி விஷத்தைத் தின்னுருமாமே? மாட்டைத் தண்ணிக்கு விடலாமா?"

விடக்கூடாது ஐயா என்றேன். பேரன் செல்போனில் காட்டிய வீடியோவை நம்பி வந்தவர், முகம் வாடிவிட்டது.

வீடியோ சொன்னது பொய்யில்லை. குளோரெல்லா, சினடெஸ்மஸ் போன்ற நுண்பாசிகள் சில பூச்சிமருந்துகளை உடம்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். சிலவற்றைச் சிதைக்கவும் செய்யும். ஆனால் அது தொட்டியில் நடக்கிற வேலை. எந்தப் பாசி, எவ்வளவு வெளிச்சம், எத்தனை நாள் என்று அளந்து செய்து, கடைசியில் பாசியை வடித்து வெளியே எடுப்பார்கள். ஊருணியில் யார் வடிப்பது? செத்த பாசி அடியில் படியும். அது பிடித்துவைத்த மருந்து சேற்றுக்கும் தண்ணீருக்கும் திரும்பும்.

எனக்குப் பொறுக்காதது 'பச்சையானால் சுத்தம்' என்கிற பேச்சுதான். பல நேரம் நடப்பது நேர் எதிர். ஊருணியில் பாசியை மேய்ந்து அடக்கிவைப்பவை நீர்த்தெள்ளுகள் என்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்ன உயிர்கள். பூச்சிமருந்து முதலில் கொல்வது அவற்றை. மேய ஆளில்லாததால் பாசி பொங்குகிறது, வயலிலிருந்து வரும் யூரியா வேறு அதற்குத் தீனி. ஆக, மருந்து விழுந்த பிறகு வந்த பச்சை, மருந்து செய்த சேதமாகவே இருக்கலாம். காற்று ஒதுக்கும் படித்துறை ஓரத்தில் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் படலம் நின்றால் இன்னும் கவனம். அது மைக்ரோசிஸ்டிஸ் என்கிற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், ஈரலைக் கெடுக்கும் நஞ்சை அதுவே சுரக்கும். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

அளவு தெரியட்டும் என்று ஒரு கணக்கு. குடிநீரில் மோனோகுரோட்டோபாஸ் என்கிற பூச்சிமருந்து லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். கடைகளில் விற்றுவந்த 36 சதவீத மருந்தில் ஒரே ஒரு மில்லி விழுந்தால், அந்த அளவுக்கு நீர்க்கச் சுமார் 3,60,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் 30 லோடு.

டேங்கை வயலிலேயே மூன்று தடவை அலசுங்கள். அலசிய தண்ணீரை அந்தப் பயிருக்கே அடித்துவிடுங்கள். வரத்துக்காலில் கழுவாதீர்கள், அடுத்த மழைக்கு அது ஊருணிக்குத்தான் வரும். மழை மூட்டமாக இருக்கிற அன்று மருந்தடிக்காதீர்கள். காலி டப்பாவை ஓட்டை போடுங்கள், தண்ணீர் மொள்ள வைக்காதீர்கள். மருந்து விழுந்துவிட்டதா, ஆடுமாட்டையும் பிள்ளைகளையும் இறக்காமல் பஞ்சாயத்தில் உடனே சொல்லுங்கள். செத்து மிதக்கிற மீனைக் குழம்புக்கு எடுக்காதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து கலர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவராதீர்கள். சில மருந்துகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், சோதனையில் குறைவாகக் காட்டும். அதைவிட, வீட்டில் ஒரு பிள்ளை கலர் என்று நினைத்துக் குடித்துவிட்டால்? கழுவிய கண்ணாடிப் பாட்டில், ஐஸ் பெட்டி, அன்றைக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

பெரியவரிடம் இரண்டு கண்ணாடிப் பாட்டில் கொடுத்தனுப்பினேன். முடிவு வரும்வரை மாடுகளுக்கு போர் தண்ணீர் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.