நின்றால் கொதிக்கும் கார்

திருமயத்திலிருந்து காரைக்குடி வரை நெடுஞ்சாலையில் முள் அசையாமல் வந்த பழைய கார், செக்காலை சாலை நெரிசலில் ஊர்ந்த சிறிது நேரத்தில் வெப்பமானியின் சிவப்புப் பகுதியைத் தொடுமானால், முதல் சந்தேகம் ரேடியேட்டர் விசிறியின் மேல்தான் விழ வேண்டும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விப்பு நீரே ஏந்திச் செல்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வெப்பத்தை ரேடியேட்டரிலிருந்து வாங்கிக்கொள்வதால், அப்போது விசிறிக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. இதற்கு மாறாக, நகருக்குள் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறும் வண்டியில் விசிறியைக் கழற்றுவது வீண் செலவு. அங்கே குற்றவாளி அடைபட்ட ரேடியேட்டராகவோ குளிர்விப்பு நீரின் வழியை முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் வால்வாகவோ இருக்கலாம். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிவந்த வண்டிகளில் இந்த அடைப்பை எதிர்பார்க்கலாம்.

அம்பாசடர் போன்ற வண்டிகளில் விசிறியைப் பெல்ட்டே சுழற்றுகிறது என்பதால், பெல்ட்டின் தளர்ச்சியையும் வழுவழுப்பையும் பார்த்தாலே பாதிச் சோதனை முடிந்துவிடும். மாருதி 800 போன்றவற்றில் இருப்பது மின்விசிறி. நீர் ஏறத்தாழ 95 பாகையை நெருங்கும்போது தெர்மோ சுவிட்ச் இணைந்து மோட்டாரை ஓட்டும். சில பாகை குறைந்ததும் நிறுத்தும்.

இந்த மின்விசிறிக்குச் செட்டிநாட்டில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழும் குடும்பத்தார் திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டும் ஊருக்கு வர, பூர்வீக வீட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் காரில் செம்மண் தூசி மோட்டாருக்குள் படிகிறது, கப்ளர்களின் (வயர் இணைப்பிகளின்) பித்தளைப் பற்கள் பச்சை பூக்கின்றன, எலி வயரைக் கடிக்கிறது. ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே இத்தகைய வண்டிகளில் அதிகம் என்பது என் எண்ணம்.

சோதனையைத் தெர்மோ சுவிட்சிலிருந்து தொடங்குவது நல்லது. சாவியைப் போட்டு, சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, அதன் இரு வயர்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் (ஒற்றை வயர் என்றால் எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடலில் தொட்டால்) விசிறி ஓட வேண்டும். கணினி கட்டுப்படுத்தும் பிற்கால வண்டிகளில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. விசிறி ஓடிவிட்டால் மோட்டாரும் அதற்கு மின்சாரம் விடும் ரிலேயும் நலம். கெட்டது சுவிட்ச், அல்லது நீர் குறைந்தோ காற்று அடைத்தோ சுவிட்சைச் சூடு எட்டவில்லை. ஓடாவிட்டால் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். அப்போதும் அசையாத மோட்டாரைத் திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் சுழலத் தொடங்கினால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பலரை ஏமாற்றுவது, கப்ளரில் பூத்த துருவால் விசிறி மெதுவாகச் சுழல, அது ஓடியும் வண்டி சூடாவதுதான். கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும். மின்னோட்டம் இல்லாதபோது துருவின் தடை வெளிப்படுவதில்லை. 100 வாட் மோட்டார் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். அந்த ஓட்டத்தில் 0.3 ஓம் தடைகூட 2.4 வோல்ட்டை விழுங்கி, சுமார் 19 வாட் வெப்பத்தைச் சிறிய கப்ளருக்குள்ளேயே கொட்டும். பழுப்பேறி உருகிய பிளாஸ்டிக் இதன் அடையாளம். ஆகவே விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த் இணைப்பைச் சுரண்டித் துடைப்பதே முதல் மருந்து.

விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கமும் உண்டு. முகப்பு முதல் பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் வாசல்கள் அமைந்த செட்டிநாட்டு வீட்டில் காற்று ஊடுருவிச் செல்வதுபோல, ரேடியேட்டரின் ஊடாகவே காற்றை வரச் செய்வது அந்தக் கூடுதான். அது இல்லையென்றால் விசிறி பக்கவாட்டுக் காற்றையே இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்.

என்ஜினை அணைத்த பின்னும் சில வண்டிகளில் விசிறி திடீரென ஓடும் என்பதால் சோதனையின்போது விரல்கள் தள்ளியிருக்கட்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. மோட்டாரை மாற்றி வயரைப் புதிதாக இணைத்திருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விசிறி ரேடியேட்டருக்குப் பின்னே அமைந்த வண்டியில், முன்பக்கம் பிடித்த கைக்குட்டை ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அது வெளியே தள்ளப்பட்டால் மோட்டார் தலைகீழாகச் சுழல்கிறது, இரு வயர்களையும் இடம் மாற்றிப் போட்டால் போதும்.