பிரேக் பேட்டின் விலையும் பில்லின் கனமும்

ஒரே ஆண்டில் இறக்குமதியான இரண்டு சுசுகி வாகன் ஆர் கார்கள், வவுனியாவில் ஒரே கராஜுக்கு, முன் பிரேக் பேட் மாற்றும் ஒரே வேலைக்காக வந்தாலும், ஒன்றுக்கான பில் மற்றதைவிட மூன்று மடங்காக இருப்பது நடக்கக்கூடியதே. மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுமுன் சில்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நல்லது. சில்லோடு சுழலும் டிஸ்க் என்ற உலோகத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடித்து நிறுத்துவதுதான் பேட். பேட்டின் விலை அந்தப் பில்லில் ஒரு வரிதான். மற்ற வரிகளை எழுதுவது, பேட் எப்படித் தேய்ந்தது என்பதும் எந்தக் கட்டத்தில் அது கவனிக்கப்பட்டது என்பதுமே.

ஓடும் காரை நிறுத்த வேண்டுமானால் அதன் இயக்கச் சக்தியை வெப்பமாக மாற்றிக் காற்றில் விட வேண்டும். ஆட்களோடும் சாமான்களோடும் 1,000 கிலோகிராம் வரும் ஒரு சிறிய கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறத்தாழ 139,000 யூல் சக்தி இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 63 பாகை வரை சூடாக்க இது போதும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இந்தச் சக்தி கூடுவதால், ஓமந்தையைத் தாண்டியதும் ஏ9 வீதியில் பலர் பிடிக்கும் 90 கிலோமீற்றர் வேகத்தில் அது 312,000 யூலைத் தாண்டிவிடும். பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்வதால், இந்த வெப்பத்தின் பெரும்பகுதியை முன் சில்லுகள் இரண்டுமே ஏற்கின்றன. சிறிய கார்களில் முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் இருப்பதற்கும், முன் பேட்டுகளே முதலில் தேய்வதற்கும் இதுதான் காரணம்.

வன்னி சமதரை. கடுகண்ணாவை இறக்கத்தில் நடப்பதுபோல நீண்ட நேரம் பிரேக்கை மிதித்தபடி இறங்கிப் பேட்டைக் காய்ச்சும் நிலை இங்கே இல்லை. கொழும்பு நெரிசலில்போல நிமிடத்துக்கு நிமிடம் மிதிக்கவும் தேவையில்லை. ஆகவே கிலோமீற்றர் கணக்கில் இங்கே பேட் நீண்ட காலம் உழைக்க வேண்டும். ஆனால் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் இரவில் தார் வீதியின் சூட்டுக்காகப் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளுக்காகப் பிடிக்கும் பிரேக், எண்ணிக்கையில் குறைவானாலும் வலுவில் குறைந்ததல்ல.

பெடலை மிதிக்கும் காலின் பலம் டிஸ்க்கைச் சென்றடையும் வழி எளிமையானது. பெடல் ஒரு நெம்புகோல். அது தள்ளும், பிரேக் ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் குறுக்களவு 20 மில்லிமீற்றராகவும் சில்லின் கலிப்பரில், அதாவது பேட்டுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் பகுதியில், உள்ள பிஸ்டனின் குறுக்களவு 50 மில்லிமீற்றராகவும் இருந்தால், பாஸ்கல் விதிப்படி அழுத்தம் எங்கும் ஒன்றாக இருப்பதால், விசை ஆறு மடங்குக்கு மேல் பெருகுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னிழுப்பது ஒரு சுருள்வில் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் அங்கே இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு றப்பர் வளையம் அழுத்தத்தின்போது சற்றே முறுகி, அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவத்துக்கு மீளும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்குக் கொண்டுவருகிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் அந்த வளையத்தினூடே வழுக்கி முன்னேறி, இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்கிறது.

இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பிஸ்டன் முன்னேறிய இடத்தை பிரேக் ஒயில் நிரப்புவதால், பொனற்றின் கீழுள்ள சிறிய போத்தலில் ஒயிலின் மட்டம் மெதுவாக இறங்கும். கசிவு என்று எண்ணி மேல் கோடு வரை ஊற்றி வைத்தால், புதிய பேட் போடுவதற்காகப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் நாளில் அது வழிந்து பெயின்டைத் தின்றுவிடும்.

இனிப் பேட்டைப் பார்ப்போம். ஓர் உருக்குத் தகடு; அதன்மேல் பீனோலிக் பிசினால் இறுக்கிப் பிணைக்கப்பட்ட, புதிதில் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள உராய்வுப் பொருள். அந்தக் கலவையில் வலுவுக்கு நார்களும், உராய்வைக் கூட்ட அலுமினியம் ஒக்சைட், சிர்க்கோன் போன்ற கடினத் துகள்களும், இழுபறியில்லாமல் வழுக்கிப் பிடிக்கக் காரீயமும் (பென்சிலில் வரும் கிராபைற்), நிரப்பியாகப் பேரியம் சல்பேற்றும் இருக்கும். காரீயம் போகலையிலும் ககட்டகஹவிலும் சுரங்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சிர்க்கோன் முல்லைத்தீவுக்குத் தெற்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் இருக்கிறது. பேட்டின் மூலப்பொருட்கள் சில இந்த மண்ணிலேயே கிடந்தும், பெட்டியில் வருவது பெரும்பாலும் கப்பலில் வந்த பேட்தான். ஆகவே 2022இல் ரூபாய் சரிந்தபோது பேட்டின் விலையும் எகிறியதில் வியப்பில்லை.

உலோகத் துகள் அதிகமுள்ள பேட் சூட்டைத் தாங்கும், ஆனால் டிஸ்க்கை விரைவாகத் தின்னும். நார்க் கலவைப் பேட் மென்மையானது, ஓசை குறைவு, சூடேறினால் பிடி தளரும். செரமிக் பேட் தூசு குறைவாகத் தரும், விலை கூடியது. இங்கே ஓடும் சிறிய காருக்குச் செரமிக் தேவையே இல்லை என்பது என் எண்ணம். அதைவிட முக்கியமாக, பேட்டின் ஓரத்திலோ தகட்டின் முதுகிலோ அச்சிட்டிருக்கும் இரண்டு எழுத்துகளைப் பார்க்க வேண்டும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது கடும் சூட்டிலும் உள்ள உராய்வுக் குணகத்தைக் காட்டும். 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை. எந்த எழுத்துமே இல்லாத பேட்டை மலிவு என்பதற்காக வாங்குவது வீண் துணிச்சல்.

தடிப்பு 3 மில்லிமீற்றரை நெருங்கும்போது மாற்றுவது வழக்கம். அப்படியானால் நாம் பணம் கொடுத்து வாங்குவது 10 மில்லிமீற்றர் அல்ல, 7 மில்லிமீற்றர்தான். 6 மில்லிமீற்றர் இருக்கும்போதே பயந்து மாற்றினால், வாங்கியதில் ஏழில் மூன்று பங்கைக் குப்பையில் போடுகிறோம். கணக்குக்காகப் பேட்டும் கூலியும் சேர்த்து 14,000 ரூபாய் என்றும், அந்தப் பேட் 35,000 கிலோமீற்றர் உழைக்கும் என்றும் வைத்தால், கிலோமீற்றருக்கு 40 சதம். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால், ஒரு லீற்றரில் 15 கிலோமீற்றர் ஓடும் காருக்கு எரிபொருள் மட்டும் கிலோமீற்றருக்கு 20 ரூபாய் ஆகும்போது, பிரேக் அதில் ஐம்பதில் ஒரு பங்குதான்.

பில் பெருகுவது பேட் ஒருபக்கமாகத் தேயும்போது. சிறிய கார்களின் கலிப்பரில் ஒரு பிஸ்டன்தான் உண்டு. அது உள்பக்கப் பேட்டை நேரடியாக அழுத்த, கலிப்பர் முழுவதும் பின்கள் எனப்படும் இரண்டு உலோக ஊசிகளின் மேல் சறுக்கி வெளிப்பக்கப் பேட்டை இழுத்து அழுத்துகிறது. கிறவல் வீதியின் செந்தூசு ஒரு கோடை முழுவதும் படிந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, பின்னின் றப்பர் உறை கிழிந்த இடத்தால் உள்ளே போனால், கிறீஸ் காய்ந்து, அந்தப் பின்கள் துருவேறி இறுகிவிடும். அதன்பிறகு வேலை முழுவதும் உள்பக்கப் பேட்டின் தலையில். சில்லைக் கழற்றாமல் கம்பிகளுக்கிடையே எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. அது 7 மில்லிமீற்றர் காட்டிக்கொண்டிருக்கும்போது உள்பக்கம் தகடு மட்டும் மிஞ்சியிருக்கலாம். கீச்சென்று எச்சரிக்கும் சிறு உலோக நாக்கு எல்லாப் பேட்டுகளிலும் கிடையாது. தகடு டிஸ்க்கில் உரசத் தொடங்கினால் ஓசை கரகரவென்று மாறும். டிஸ்க்கில் வளையம் வளையமாகப் பள்ளம் விழும். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். லேத்தில் செதுக்கிய பின்னும் அதற்குமேல் தடிப்பு மிஞ்சினால் டிஸ்க் தப்பும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் புதிய டிஸ்க் வாங்க வேண்டியதுதான். மூன்று மடங்குப் பில் இப்படித்தான் பிறக்கிறது.

மின்மோட்டாரால் வேகத்தைக் குறைக்கும் ரொயோட்டா அக்வா போன்ற ஹைபிரிட்டுகளில் பேட் மிக மெதுவாகத் தேய்கிறது. அதே காரணத்தால் கலிப்பர் அதிகம் அசையாமல் பின்கள் இறுகும் வாய்ப்பும் கூடுகிறது. 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்ததால், இங்கே ஓடுபவற்றில் பழைய கார்களே அதிகம். அவற்றில் றப்பர் உறைகளின் வயதும் அதுதான். உறையும் கிறீஸும் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு என்பதால், பேட் மாற்றும்போது பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய சூடு தாங்கும் கிறீஸ் பூசச் சொல்லிக் கேட்பது நியாயமானது.

பேட் பூட்டிய உடனே பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டும். பின்னுக்குப் போன பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை பெடல் தரைவரை இறங்கும், கராஜ் வாசலில் கார் நிற்காது. பிறகு வெறுமையான வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாக, முற்றாக நிறுத்தாமல், ஏழெட்டுத் தடவை குறைக்க வேண்டும். பேட்டின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிவதற்கே இது. சூடான பேட்டோடு ஏ9 வீதியின் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிறுத்திக் காலை பெடலில் வைத்திருந்தால் அந்தப் படலம் ஓரிடத்தில் மட்டும் தடித்து, பிறகு ஒவ்வொரு பிரேக்கிலும் ஸ்டியரிங் நடுங்கும். அதைச் சரிசெய்ய மறுபடியும் லேத்துக்குத்தான் போக வேண்டும்.