ஏணியில் குயில்ட் தொங்கவிடும் முன்

பழைய மர ஏணியைத் துடைத்துச் சுவரில் சாய்த்து, துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த குயில்ட் போர்வைகளைப் படிக்கு ஒன்றாக மடித்துப் போட்டு வைப்பது அமெரிக்கப் பண்ணை வீட்டு அலங்காரத்தோடு சேர்ந்து பரவிய பழக்கம். இப்போது சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அடுக்குமாடி வீட்டுக் கூடங்களில் பார்க்க முடிகிறது. பரணுக்கு ஏறப் போட்டிருந்த தேக்கு ஏணி, வெள்ளையடிக்க வாங்கிய மூங்கில் ஏணி என்று ஊர் வீட்டில் ஏதாவது ஒன்று சும்மா கிடக்கத்தான் செய்கிறது. அதைக் கொண்டுவந்து நிறுத்தினால் இடத்தையும் அடைக்காது, பெரிய செலவும் இல்லை. பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது.

பழந்துணிகளைச் சுத்தம் செய்து, கிழிசலுக்குத் தாங்குதுணி வைத்துத் தைத்து, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். ஏணியில் கிடந்த போர்வைகளும் என் மேசைக்கு வருகின்றன. வங்காளத்துக் காந்தா, தார்வாட் பக்கத்துக் கவுதி, வெளிநாட்டிலிருந்து மகளோ மகனோ கொண்டுவந்த அமெரிக்க ஒட்டுத்துணிக் குயில்ட், பாட்டியின் சேலைகளை அடுக்கித் தைத்த குழந்தைப் போர்வை என்று வகை வேறு. கேடு மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். படி பட்ட இடத்தில் பழுப்புக் கோடு, வெளிச்சம் பட்ட பக்கம் வெளிறிய பட்டை, மடிப்பு நெடுக நூல் அறுந்த வரிசை.

ஏணியில் போடாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெட்டிக்குள் வருஷக்கணக்காக அமுங்கிக் கிடப்பதைவிடக் காற்றாட, கண்ணெதிரே இருப்பது பல விதத்தில் நல்லது. பூச்சி வந்தாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். போட்டதை அப்படியே மறந்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கிய ஜெய்ப்பூர் ரஜாய், போன வருஷம் ஆன்லைனில் வந்த காந்தா விரிப்பு போன்றவற்றுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. தொங்கவிடுங்கள், துவையுங்கள், வெளுத்துப் போனால் வேறு வாங்கிக்கொள்ளுங்கள். கையால் தைத்தது, தைத்தவர் இப்போது இல்லை, ஐம்பது அறுபது வருஷம் ஆனது என்றால் மேலே படியுங்கள்.

மரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வெட்டிப் பல வருஷமான மரமும் அமில ஆவியை விட்டுக்கொண்டேதான் இருக்கும். பெரும்பாலும் அசிட்டிக் அமிலம், கூடவே கொஞ்சம் ஃபார்மிக் அமிலம். ஓக் மரம் இதில் படுமோசம். தேக்கு அந்த அளவுக்கு இல்லை, ஆனால் அதில் எண்ணெய்ப் பசை உண்டு, ஈரம் பட்டால் பழுப்பாகச் சாயம் இறங்கும். பருத்தி இழை ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள்தான். அமிலம் அதன் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக அறுத்துவிடும். துணி மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் நகம் பட்டாலே பிளக்கிற நிலைக்கு வந்துவிடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று இதை இன்னும் வேகப்படுத்தும்.

ஹூப்ளியில் மாமியார் தைத்த கவுதி ஒன்றை ஓர் அம்மா கொண்டுவந்தார். "ஏணியில போட்டதோட சரி மேடம், யாரும் தொடக்கூட இல்ல. அப்புறம் எப்படி இவ்வளவு அழுக்காச்சு?" என்று கேட்டார். யாரும் தொடாமல், இடம் மாற்றாமல், ஒரே படியில் வருஷக்கணக்காகக் கிடந்ததுதான் காரணம். விரித்துப் பார்த்தால் குறுக்கே நான்கு விரல் அகலத்துக்குப் பழுப்புப் பட்டை. அழுக்கு என்றால் அலசி எடுத்துவிடலாம். இது இழையே கெட்டுப்போனதால் வந்த நிறம். கறையைக் கொஞ்சம் மங்கலாக்கிக் கொடுத்தேன். போன பலத்தை எந்தக் கழுவலும் திருப்பிக் கொண்டுவராது. அந்தப் பட்டைக்குப் பின்னால் மெல்லிய துணி வைத்துத் தாங்கித் தைக்க வேண்டியதாயிற்று.

வார்னிஷ் அடித்துவிட்டால் போதுமே என்று பலர் கேட்கிறார்கள். எண்ணெய் வகை வார்னிஷும் எனாமல் பெயிண்டும் காயும்போது தாமே அமில ஆவி விடுபவை. தண்ணீர் கலந்து அடிக்கும் வகை பரவாயில்லை, அதுவும் அடித்து மூன்று நான்கு வாரம் நன்றாக ஆறிய பிறகு. எப்படியானாலும் மரத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

சமையலறையில் இருக்கும் அலுமினியம் ஃபாயிலைப் படியின் மேல் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். பாலியெஸ்டர் ஷீட் கிடைத்தால் அதுவும் சரி. அமில ஆவியைத் தடுப்பது இந்த அடுக்குதான். இதன்மேல் தலையணைக்குள் அடைக்கிற பாலியெஸ்டர் பஞ்சைத் தகடாக விரித்துச் சுற்றி, படி உங்கள் முன்கை பருமன் வரும்வரை ஏற்றுங்கள். கடைசியாகக் காடா துணி. கடையிலிருந்து வந்த காடாவில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, காயவைத்துச் சுற்றி, கீழ்ப்பக்கமாகத் தைத்துவிடுங்கள். பசை, செலோடேப், இரட்டைப் பக்க டேப் எதுவும் வேண்டாம். நாளாக ஆக அவை இளகித் துணியில் ஊறும். பஞ்சுக்குப் பதிலாக ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கருப்பு ரப்பர் நுரையைப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அது நாளடைவில் பொடிந்து ஒட்டும், அதிலிருந்து வரும் ஆவியும் துணிக்கு ஆகாது. இவ்வளவு சுற்றினால் ஏணியின் அழகு போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். குயில்ட் விழுந்ததும் படி மறைந்துவிடும், பக்கக் கழிகள்தான் கண்ணுக்குத் தெரியும்.

படியைப் பருமனாக்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பஞ்சு வைத்துத் தைத்த பெரிய குயில்ட் மூன்று நான்கு கிலோ வரும். மெல்லிய படியில் போட்டால் அந்த எடை முழுவதும் ஒரே கோட்டில் தொங்கும். தடித்த, வளைந்த பரப்பில் அது பரவிவிடும். பழைய பட்டு சேர்ந்த குயில்ட் என்றால் ஏணியையே மறந்துவிடுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில், ஒழுங்கில்லாத வடிவத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கிரேஸி குயில்ட்களில் உள்ள பட்டுக்கு, எடை கூட்டுவதற்காகத் தகர, இரும்பு உப்புகளை ஏற்றியிருப்பார்கள். அந்தப் பட்டு தானாகவே நீளநீளமாகப் பிளந்துபோகும். நம் பழைய பட்டுச் சேலைகளை வெட்டித் தைத்ததிலும் சரிகை ஓரம் பட்டுத் துணியை அறுப்பது சகஜம். அவற்றைப் படுக்கை வசத்தில் வைப்பதுதான் பாதுகாப்பு.

அடுத்தது ஏணியின் பூர்வீகம். பெயிண்ட் உரிந்து, அடியில் இருக்கும் பழைய நிறங்கள் எட்டிப் பார்க்கிற ஏணிக்குத்தான் அலங்காரப் பிரியர்களிடம் மவுசு. எனக்கு அதைப் பார்த்தாலே பயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்த ஆண்டு 1978. அந்தந்த நாட்டு விதிக்கு முந்திய பெயிண்ட் ஏணியில் இருந்தால் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். உரிந்த சில்லும் தூளும் குயில்ட்டில் ஒட்டும், அதே குயில்ட்டைக் குளிர்காலத்தில் குழந்தைக்குப் போர்த்துவோம். தவழுகிற குழந்தை தரையிலிருந்து எதை எடுத்தாலும் வாயில்தான் வைக்கும். வளரும் மூளைக்கு ஈயம் செய்யும் கெடுதல் திரும்பச் சரியாகாது. சரி, தேய்த்து எடுத்துவிடலாமே என்று உலர்ந்த உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். அந்தத் தூசிதான் இருப்பதிலேயே ஆபத்தானது. என் அபிப்பிராயத்தில், பெயிண்ட் உரிகிற ஏணியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. ஊரில் வேறு ஏணியா இல்லை?

வெள்ளையடித்த ஏணியில் சுண்ணாம்பு கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும். பழைய சுண்ணாம்பு காற்றுப் பட்டுக் காரம் தணிந்து கெட்டியாகியிருக்கும், ஆனால் உப்புத்தாள் மாதிரி துணியை உராயும். நனைத்து, தேங்காய் நார் கொண்டு தேய்த்து எடுத்துவிட்டு, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். ஆணித் தலைகளைக் கையால் தடவிப் பாருங்கள். துருப்பிடித்த ஆணி நூலையும் இழுக்கும், பருத்தியில் அழியாத செங்கறையும் வைக்கும். அலுமினிய ஏணி தூக்கச் சுலபம், ஆனால் மூடாமல் போட்டால் கருமை ஒட்டும்.

மூங்கில் ஏணிக்கு முக்கிய எதிரி உளு. மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தின்பதற்காகத் துளைக்கிற சின்ன வண்டு இது. ஊசி முனை அளவு துளையும், கீழே மெல்லிய மாவு போன்ற தூளும் இருந்தால் உளு உள்ளே இருக்கிறது. வெயிலில் வைத்துத் தட்டிவிட்டு, ஒரு கருப்புத் தாளின் மேல் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் அந்த ஏணி வேண்டாம், வீட்டிலிருக்கும் மற்ற மூங்கில் சாமானுக்கும் பரவிவிடும். மண்ணெண்ணெய் பூசலாமா என்றும் கேட்பார்கள். நாற்றமும் கறையும் துணிக்கு ஏறுவதுதான் மிச்சம். வெட்டியதும் நீரில் ஊறவைத்த மூங்கிலிலும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றிய மூங்கிலிலும் இந்தத் தொல்லை குறைவு.

இனி வெளிச்சம். மரக் கறையாவது ஒரு பட்டையோடு நிற்கும், வெளிச்சம் முழுப் பரப்பையும் தின்றுவிடும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; மியூசியங்களில் துணிக்கு வைக்கிற அளவு 50 லக்ஸ். அந்த வெளிச்சத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் ஒரு வருஷம் முழுக்க வைத்தால் 1,46,000 லக்ஸ்-மணி ஆகிறது. ஜன்னலோரம் 1000 லக்ஸ் சர்வசாதாரணம். அதே எட்டு மணி நேரக் கணக்கில், மியூசியத்தில் ஒரு வருஷத்துக்கு ஆகும் கேட்டை உங்கள் ஜன்னலோர ஏணி 18 நாளில் செய்துவிடுகிறது. நேரடி வெயில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். இந்தக் கேடு கூடிக்கொண்டே போகும், நடுவில் இருட்டில் வைத்ததால் குறையாது.

எல்லாச் சாயமும் ஒரே மாதிரி போவதில்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூத்துணிகளில் குயில்ட்டாகத் தைக்கப்பட்டவையும் உண்டு. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் அவற்றில் இன்றும் நிற்கின்றன. இலைகள் மட்டும் பல துணிகளில் நீலமாகத் தெரியும். நீலத்தின் மேல் பூசிய மஞ்சள் வெளிச்சத்தில் போய்விட்டதால், ஒரு காலத்தில் பச்சையாக இருந்த இலை நீலமாகிவிட்டது. உங்கள் வீட்டுப் போர்வையிலும் முதலில் போகப்போவது அநேகமாக மஞ்சளும் ரோஸும்தான்.

ஆகவே ஏணிக்கு ஜன்னல் இல்லாத உள்சுவர் நல்லது. வெளிச்சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும், பூஞ்சை பிடிக்கும். வருஷத்தில் மூன்று நான்கு மாதம் ஒரு குயில்ட், பிறகு அதை இறக்கிவிட்டு வேறு ஒன்று. ஏணியில் இருக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறக்கி, மடிப்பை மாற்றிப் போடுங்கள். போன தடவை சரிபாதியாக மடித்திருந்தால் இந்தத் தடவை மூன்றாக. தூசிக்கு வாக்குவம் கிளீனரின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, குறைந்த இழுப்பில், துணியைத் தொடாமல் மேலாகக் காட்டினால் போதும். பல்லி எச்சம் விழுகிற இடமா என்று முன்கூட்டியே சுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கறை சாயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

ஏணி சாய்ந்து விழுவதையும் சொல்ல வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் ஏணியின் கால் நழுவும். அடியில் ரப்பர் பட்டை ஒட்டி, மேல் நுனியைக் கொக்கி போட்டுச் சுவரோடு திருகிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அது ஏறித்தான் பார்க்கும். ஐந்தடிக்கு மேல் உள்ளதை அறுத்துவிட்டால், பண்டிகைக்கு ஒட்டடை அடிக்கிறேன் என்று பெரியவர்களும் இந்தப் பழைய ஏணியை எடுத்துப் போக மாட்டார்கள். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் இந்த அலங்காரம் வேண்டவே வேண்டாம்.

இறக்கிய குயில்ட்டை எப்படி வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். அலசிய காடா துணியில் தளர்வாகச் சுற்றி, மடிப்புக்குள் அதே துணியை உருளையாக வைத்து, மர அலமாரியில் நேரடியாகப் படாமல் வையுங்கள். கஞ்சி போட்டு வைக்காதீர்கள், வெள்ளிமீன் பூச்சியும் கரப்பானும் அதற்குத்தான் வரும். நாப்தலின் உருண்டையை (பாச்சை உருண்டையை) போர்வைக்குள் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தையை நாப்தலினில் கிடந்த துணியில் சுற்றினால், இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை ஆபத்தான அளவுக்குப் போகும். குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்கு அதுவரை தெரிந்திருக்காது. உருண்டையோடு கிடந்த பழைய போர்வை எதுவானாலும், நிழலில் பல நாள் காற்றாட விரித்து, வாசனை முழுவதும் போன பிறகே வீட்டுக்குள் எடுங்கள். அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைக்குப் போர்த்த வேறு போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள்.