கம்பேக் ஆல்பம்: சொல்லும் தமிழும்

நீண்ட இடைவெளிக்குப் பின் ஒரு பாடகர் புதுப் பாடல்களோடு திரும்பி வரும் வெளியீட்டை ஆங்கிலத்தில் ‘கம்பேக் ஆல்பம்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் ‘ஆல்பம்’. ‘ஆல்பஸ்’ என்றால் லத்தீனில் வெள்ளை. பண்டைய ரோமில் அரசு அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகைதான் ‘ஆல்பம்’. பின்னாளில் ஐரோப்பாவில் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கும் வெற்றுத்தாள் புத்தகத்துக்கும், பிறகு புகைப்படம் ஒட்டும் புத்தகத்துக்கும் அந்தப் பெயர் போனது. நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் அந்த வழியில் வந்ததே.

இசைக்கு அது வந்ததற்குக் காரணம் இடப்பற்றாக்குறை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 10 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் அடங்கும். நீண்ட படைப்பென்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றின் உறைகளைப் புகைப்பட ஆல்பம் போலவே சேர்த்துக் கட்டி விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்பி (நீண்ட நேரம் ஓடும்) தட்டை வெளியிட்டது. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்திலேயே 20 நிமிடத்துக்கு மேல் அடங்கியது. கட்டிய புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் ‘இசைத்தொகுப்பு’ என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் பழைய பாடல்களைப் பொறுக்கிச் சேர்க்கும் வெளியீட்டையும் அதே சொல்லால் குறிப்பதில்தான் குழப்பம். அதற்குத் ‘திரட்டு’ இருக்கிறது. வெவ்வேறு காலத்தில் பாடியவற்றைப் பின்னால் சேர்த்த ‘தனிப்பாடல் திரட்டு’ நமக்குப் பழக்கமானதே. ஒற்றைப் பாட்டு ‘தனிப்பாடல்’. படத்தில் இடம்பெறாத ஒரே பாட்டைத் தமிழ்நாட்டில் ‘ஆல்பம் பாட்டு’ என்பது பொருந்தாது.

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெரியை எடுத்துக்கொள்வோம். அவருடைய புதுப் பாடல்களோடு 1979இல் ஓர் இசைத்தொகுப்பு வந்தது. 1982இல் வெளியான ‘தி கிரேட் ட்வென்டி எய்ட்’ பழைய பதிவுகளின் திரட்டு. மிகச் சிறந்த திரட்டு, ஆனாலும் புதுத் தொகுப்புகளுக்கு இடையிலான இடைவெளியைக் கணக்கிடும்போது அது சேராது. அடுத்த புதுப் பதிவுத் தொகுப்பான ‘சக்’ வரப்போவதாக 2016 அக்டோபரில், தம் 90ஆம் பிறந்தநாளன்று அறிவித்தார். 2017 மார்ச்சில் மறைந்தார். ஜூனில் தொகுப்பு வெளிவந்தது. இடைவெளி 38 ஆண்டுகள். திரட்டையும் தொகுப்பென்று எழுதினால் இந்தக் கணக்கே தவறிவிடும். எனவே வெளியான ஆண்டோடு பதிவான ஆண்டையும் பார்க்க வேண்டும்.

‘கம்பேக்’ என்பதற்கு ‘மறுவருகை’ எழுதுவோர் உண்டு. அது மறுபடி வருவதை மட்டும் சொல்கிறது. ‘இரண்டாம் வருகை’ என்றால் கிறிஸ்தவப் பொருள் முந்திக்கொள்ளும். ‘மீள்’ என்ற வினைக்குத் திரும்புதல், இடரிலிருந்து தப்புதல் என இரு பொருளும் உண்டு. 1961க்குப் பிறகு மேடைக் கச்சேரியே செய்யாமல் படங்களில் முடங்கியிருந்த அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, 1968 டிசம்பரில் என்பிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியதைச் சொல்ல இரண்டு பொருளும் தேவை. ஆகவே ‘மீள்வரவு’, கம்பேக் ஆல்பம் ‘மீள்வரவு இசைத்தொகுப்பு’. பழைய பாடல்களை ஒலி துலக்கி மறுபடி விற்பது ‘மறுவெளியீடு’.