மார்பகப் புற்றுநோய்: காப்பீடு இருந்தும் சிகிச்சை பாதியில் நிற்பது ஏன்?

மார்பகப் புற்றுநோய் வந்த பெண் பிழைப்பாரா என்பதில் அவர் எந்த ஊர்க்காரர் என்பதற்கும் பங்கு இருக்கிறது. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்டவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) புற்றுநோய்ப் பதிவேடுகள் தரும் கணக்கில், 5 ஆண்டுகள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் மொத்தத்தில் 66.4 சதவீதம். மிசோரமில் 74.9, அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 41.9. நம் பக்கத்திலும் தூரத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் இரண்டு மூன்று கீமோவோடு (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) நின்றுபோவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2022இல் வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். பெரும்பாலான குடும்பங்கள் இதற்குள் வந்துவிடும், ஆனால் அட்டை கைக்கு வருவதற்குள் படாதபாடு. வருமானச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பித்தால் அது விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேசை மேசையாகப் போகும், எங்கே நிற்கிறது என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒப்புகை எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு நீங்களே பார்த்துக்கொண்டே இருங்கள். அப்புறம் ரேஷன் கார்டு. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு கார்டிலேயே இருக்கும், அல்லது ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், அதற்காகக் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோயாளியை அழைத்துக்கொண்டு விடியற்காலையில் பஸ் ஏறி வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமை! அதனால் பயாப்சிக்கு (கட்டியிலிருந்து சதை எடுத்துச் செய்யும் சோதனை) எழுதிக் கொடுத்த அன்றே சான்றுக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். யார் யார் நேரில் வர வேண்டும், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று காப்பீட்டுத் திட்டத்தின் 1800 425 3993 எண்ணுக்கு போன் செய்து கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

அட்டை வரவில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம், அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாமலும் பார்ப்பார்கள்.

தனியாருக்குப் போகிறவர்கள் ஏமாறுவது வேறு இடத்தில். வாசலில் திட்டத்தின் போர்டு இருக்கும், ஆனால் புற்றுநோய் சிகிச்சைக்கு அந்த மருத்துவமனைக்கு அனுமதி இருக்காது. அல்லது "இப்போ பணம் கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்கள். கட்டாதீர்கள். இது பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம், கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு. அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் காப்பீட்டின் முன் அனுமதி வந்துவிட்டதா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். கூடுதலாகப் பணம் கேட்டால் அதே எண்ணில் புகார் சொல்லலாம்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் வழிச்செலவு உங்கள் தலையில்தான். கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை, கதிர்வீச்சு என்றால் வாரத்தில் 5 நாள் என்று பல வாரம். கூட வருகிறவருக்கும் கூலி போகும். பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸோடு சரி.

ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். இது பலருக்குத் தெரியவே தெரியாது, யாரும் தானாகச் சொல்வதும் இல்லை. ரயில்வேயின் படிவத்திலேயே டாக்டர் கையெழுத்தும் மருத்துவமனை முத்திரையும் வேண்டும், வெறும் லெட்டர்பேடில் எழுதி வாங்கிப் போனால் கவுன்டரில் திருப்பிவிடுவார்கள். தட்கலில் சலுகை கிடையாது, எனவே அடுத்த கீமோ தேதி கிடைத்தவுடனே டிக்கெட் எடுங்கள்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அடுத்த கீமோவை எங்க மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கலாமா டாக்டர்?" எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் 3 ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் ஊரில் வசதி இருந்தால் மருந்து, அளவு, தேதி எல்லாம் எழுதிய கடிதத்தைக் கையோடு வாங்குங்கள், பயாப்சி ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து. அது இல்லாமல் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள்.