ஒரு விரலால் தொட்டுக் காட்டும் வலி

"எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால், நெடுந்தூரம் ஓடும் பிள்ளைகள் இரண்டு விதமாகக் காட்டுவார்கள். சிலர் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மேலும் கீழுமாகத் தடவுவார்கள். அது பெரும்பாலும் தசையும் எலும்பைச் சுற்றிய உறையும் சார்ந்த வலி. பயிற்சியைக் குறைத்தால் அடங்கிவிடும். வேறு சிலர் ஆட்காட்டி விரலை நீட்டி, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் ஒரே ஒரு புள்ளியைத் தொடுவார்கள். அந்த விரலைக் கண்டதும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த நோயாளியிடம் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு அப்படித் தொட்டுக் காட்டியவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி. 3000 மீட்டர் ஓடுகிறாள். 400 மீட்டர் தடத்தில் ஏழரைச் சுற்று. குறுவட்டப் போட்டியில் முதலிடம். வருவாய் மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அம்மாவும் உடற்கல்வி ஆசிரியரும் உடன் வந்திருந்தார்கள். கையில் எக்ஸ்ரே. "எலும்பில் ஒன்றும் இல்லை என்கிறார்கள் டாக்டர். வலிக்கு ஓர் ஊசி போட்டுவிட்டால் ஓடிவிடுவாள்" என்றார் ஆசிரியர். அவர் அக்கறையற்றவர் அல்லர். அவள் போட்டிருந்த ஓட்டக் காலணியே அவர் தன் சம்பளத்தில் வாங்கித் தந்ததுதான்.

ஓடி ஓடி எலும்பில் விழும் நுண்ணிய விரிசல், முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் இருப்பது சாதாரணம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும். அவளுக்கும் எடுத்தோம், இருந்தது. ஆனால் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் முன்பே ஆசிரியரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் வேறொன்று கேட்டேன். மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது?

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சொன்னார்: "ஏழு மாதம் ஆகிறது டாக்டர். ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் நின்றுபோகும் என்றார்கள். போட்டி நேரத்தில் தொந்தரவு இல்லாமல் இருப்பதும் நல்லதுதானே?"

நல்லதல்ல. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓடும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோவது பயிற்சி பலித்துவிட்டதற்கான அடையாளம் இல்லை. உடலுக்குச் சோறு போதவில்லை என்பதற்கான முறையீடு.

வரவு குறைந்த வீட்டில் எந்தச் செலவை முதலில் நிறுத்துவோம்? அரிசியை நிறுத்த முடியாது. வீட்டுக்கு வெள்ளை அடிப்பதைத் தள்ளிப்போடலாம். உடலும் அப்படித்தான் செய்கிறது. இதயமும் மூளையும் ஓடும் கால்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இல்லையென்றால், கருத்தரிப்புக்கான ஏற்பாட்டை மூளை ஒத்திவைக்கிறது. சினைப்பைக்குப் போகும் சைகை குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சுரப்பு சரிகிறது. அந்த ஈஸ்ட்ரோஜன்தான் எலும்புக்கும் காவல். ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் பதியும்போதும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. வாரத்துக்கு 60 கிலோமீட்டர் ஓடுபவளின் பாதங்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் முறை தரையில் பதிகின்றன. பகலில் ஏற்படும் சேதத்தை ஓய்வில் சரிசெய்து எலும்பை முன்னைவிட வலுவாக்குவது உடலின் வழக்கம். சோறும் ஈஸ்ட்ரோஜனும் குறைந்த உடலில் அந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு பெண் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துவைக்கும் எலும்பு வலுவின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். அவளுக்கு அப்போது வயது 16.

2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயரிட்டது. விளையாட்டில் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு இல்லாத நிலை என்று பொருள். பையன்களுக்கும் இது வருகிறது. அவர்களுக்கு நின்றுபோய் எச்சரிக்க ஒன்றும் இல்லாததால் இன்னும் தாமதமாகத்தான் வெளிப்படுகிறது.

அந்தப் பெண் பட்டினி கிடந்தாளா என்று கேட்டால், இல்லை. அவள் உண்பதை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். காலை ஐந்து மணிக்கு வெறும் டீ. மைதானத்தில் 10 கிலோமீட்டர். ஏழரைக்கு வீடு; அவசரமாக மூன்று இட்லி; பஸ். மதியம் ஒரு சிறிய டப்பாவில் எலுமிச்சைச் சாதம். மாலை மறுபடியும் பயிற்சி. இரவு எடை கூடிவிடும் என்று இரண்டு சப்பாத்தி. ஓட்டத்துக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 44 கிலோ எடை கொண்டவள் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 440, ஏழெட்டு இட்லி. மூன்று இட்லி ஓட்டச் செலவுக்கே பாதி கூட இல்லை. அதற்குப் பிறகு அவள் வளர வேண்டும், படிக்க வேண்டும், மாலையில் மீண்டும் ஓட வேண்டும். தாளை நீட்டியபோது அம்மாவின் கண் கலங்கியது. அவர் மேல் குற்றம் இல்லை. இந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவளுக்குச் சொல்லித் தந்தது வேறு கணக்கு. ஒரு கிலோ குறைந்தால் இத்தனை நொடி குறையும் என்று மைதானத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த அறிவுரை ஆபத்தாவதற்குக் காரணம், முதலில் அது பலிப்பதுபோல் தெரிவதுதான். எடை இறங்கிய சில வாரங்களுக்கு நேரம் உண்மையிலேயே மேம்படலாம். பிறகு சோர்வு, தூக்கமின்மை, அடிக்கடி சளி, கடைசியில் எலும்பு. அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில், 2013 மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் இறுதிச்சுற்று வரை ஓடியவர். எடையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்த பயிற்சியில், மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு நின்று ஐந்து எலும்புகள் முறிந்ததாக 2019 இல் வெளிப்படையாகச் சொன்னார். உலகத் தரமான பயிற்சி வசதிகளுக்கு நடுவே இருந்தவருக்கே இது நடந்தது.

என் பங்குக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், இதே போன்ற விரிசலோடு வந்த ஒரு கல்லூரி மாணவிக்கு ஓய்வும் கால்சியம் மாத்திரையும் எழுதி அனுப்பினேன். மாதவிலக்கு பற்றிக் கேட்கவே இல்லை. எட்டு மாதத்தில் மற்றக் காலில் விரிசலோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு, கால் வலி என்று வரும் எந்த ஓட்டக்காரியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை.

ஹார்மோன் மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அதனால் உதிரப்போக்கு வரும். பசித்த உடல் பசித்தபடியே இருக்கும். எச்சரிக்கை விளக்கை அணைத்ததுதான் மிச்சம். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் மருத்துவப் பரிசோதனை தேவை. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும், 15 வயது ஆகியும் பூப்பெய்தாவிட்டாலும், காத்திருக்காமல் வாருங்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாமல் ஃபெரிட்டினையும் பாருங்கள். அது உடலின் இரும்புக் கையிருப்பு. ஹீமோகுளோபின் 12 இருக்கிறது என்று திருப்தி அடைந்த பல பெண்களின் ஃபெரிட்டின் வற்றிப்போயிருக்கும். கடைசி இரண்டு சுற்றில் கால் இழுக்கிறது என்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதை அவை தடுக்கும். ஓடி முடித்த அரை மணிக்குள் மைதானத்திலேயே ஏதாவது உண்ண வேண்டும். வாழைப்பழம், கடலை உருண்டை, அவித்த முட்டை, சுண்டல் எதுவானாலும் சரி. விலை உயர்ந்த பொடி டப்பா எதுவும் தேவையில்லை.

ஒரு பயமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாராவது ஒரு தகப்பனார் மகளின் ஓட்டத்தை நிறுத்திவிடுவாரோ? தயவுசெய்து வேண்டாம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபோது, களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அந்த ஓட்டத்தில் லினா ராட்கே உலகச் சாதனை படைத்திருந்தார். ஆனாலும் 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை. 10,000 மீட்டர் 1988 இல்தான் வந்தது. 5000 மீட்டர் 1996 இல். புதுக்கோட்டை எல். சூர்யா 2016 குவாஹாத்தி தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் அந்த இரண்டிலும் தங்கம் வென்றார். ஓட்டம் எலும்பை வலுப்படுத்தும். அதைச் செய்யவிடாமல் தடுப்பது காலித் தட்டு.

உடனே ஓட்டத்தை நிறுத்தவேண்டிய அறிகுறிகள் உண்டு. ஒரு விரலால் காட்டக்கூடிய வலி, இரவில் எழுப்பும் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் குத்தும் வலி. இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே நிறுத்துங்கள். தொடை இடுக்கில் வலி என்றால் அடுத்த நாளுக்குக் கூடத் தள்ளிப்போடாதீர்கள். தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல் முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சை வரை போகும்.

அந்த மாணவி வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போகவில்லை. என் அறையிலேயே அழுதாள். ஆசிரியரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்தாவது மாதம் மாதவிலக்கு திரும்பியது. எடை மூன்று கிலோ கூடியிருந்தது. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று புல்தரையில் தொடங்கினோம். சென்ற மாதம் ஆசிரியர் கைபேசியில் அழைத்தார். "டாக்டர், என்னிடம் இன்னும் நான்கு பெண்கள் ஓடுகிறார்கள். நான் இதையெல்லாம் கேட்டால் கூச்சப்படுவார்கள். சனிக்கிழமை அவர்களுடைய அம்மாக்களோடு அழைத்து வரட்டுமா?"

வரச் சொல்லியிருக்கிறேன்.