தோல் ஜாக்கெட்டுக்குள் என்ன துணி தைப்பது?

ஆரியங்காவு கணவாயில் சாரலும் குளிர்காற்றுமாக இருக்கும்போது உடம்புக்கு இதமாக இருக்கும் தோல் ஜாக்கெட், செங்கோட்டை, தென்காசி தாண்டி ஆலங்குளத்து வெயிலுக்குள் வந்ததும் வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே திருநெல்வேலிப் பக்கத்தில் பைக் ஓட்டுபவருக்கு லைனிங் துணியின் முதன்மையான வேலை கதகதப்புத் தருவதன்று. கையை எளிதாக நுழையவிடுவதும் வியர்வையைச் சமாளிப்பதுமே.

தோலின் உட்புறம் சதையை ஒட்டியிருந்த பக்கமாதலால், அங்கே நார்கள் தளர்ந்து சொரசொரப்பாக இருக்கும். லைனிங் இல்லாவிட்டால் சட்டைக்கை அதில் சிக்கிச் சுருண்டு மேலேறிவிடும். ஈரம் பட்டால் சாயமும் சட்டையில் இறங்கக்கூடும். வியர்வையிலுள்ள உப்பு தோலுக்குள் ஊறிக் காய்ந்து அதை விறைக்கச் செய்யாமல் தடுப்பதும் லைனிங்தான்.

வழவழப்புக்குக் காரணம் நூலின் அமைப்பு. பருத்தி நூல் குட்டை இழைகளை முறுக்கித் திரித்தது என்பதால், அதன் மேற்பரப்பில் எண்ணற்ற இழைமுனைகள் நீட்டிக்கொண்டிருந்து உராய்வைக் கூட்டுகின்றன. லைனிங்குக்கென நெய்யப்படும் விஸ்கோஸிலும் (மரக்கூழிலிருந்து செய்யும் ரேயான் இழை) பாலியஸ்டரிலும் பெரும்பாலும் அறுபடாத நீள இழைகளே நூலாவதால் கை வழுக்கிச் செல்கிறது. சாட்டின் நெசவில் நூல்கள் பல இழைகளைத் தாண்டி மிதப்பதால் வழவழப்பு இன்னும் கூடும். ஆனால் கைக்கடிகாரத்தின் வார் முனை பட்டாலே நூல் இழுபட்டுவிடும் என்பதால், சாய்கோடு தெரியும் ட்வில் நெசவையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஈரத்தில்தான் உண்மையான வேறுபாடு. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்திலும், 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீராவியையும், விஸ்கோஸ் 12 கிராமுக்கு மேலும் தனக்குள் வாங்கிக்கொள்கின்றன. பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்குவதில்லை. முதலிரண்டும் செல்லுலோஸ் என்னும் தாவர நார்ப்பொருள், அதன் மூலக்கூறில் நீரைப் பிடித்துக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. பாலியஸ்டரில் அவை அநேகமாக இல்லாததால், நெருக்கமாக நெய்த துணியில் வியர்வை உடம்புக்கும் துணிக்கும் நடுவே தேங்கிப் பிசுபிசுக்கிறது. அதற்காகப் பாலியஸ்டரை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை: வலைபோல நெய்தால் அதன் வழியே காற்று போகும், நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் இது சிறிய விஷயமன்று, ஏனெனில் ஈரம் தங்கினால் தோலில் பூஞ்சை பிடிக்கும்.

விஸ்கோஸின் குறை, நனைந்தால் அதன் வலிமை ஏறத்தாழ பாதியாகக் குறைவது; பருத்தியோ நனைந்தால் சற்று வலுவடையும். எனவே உடல் பகுதிக்கு மெல்லிய பருத்தியும், கைக்கு விஸ்கோஸ் ட்வில்லும், அக்குளில் மட்டும் கூடுதலாக ஒரு பருத்தித் துண்டும் வைத்துத் தைப்பது இந்த ஊர் வெயிலுக்குப் பொருத்தம்.

டவுண் ரத வீதியில் துணி எடுத்து வந்தவர், அது விஸ்கோஸ்தானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினால், விஸ்கோஸ் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியபின் நகத்தால் நசுக்க முடியாத மணியாக இறுகும்.

பருத்தியும் விஸ்கோஸும் சுருங்கக்கூடியவை. வெட்டுமுன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். தோல் நாளடைவில் நெகிழ்ந்து கொடுக்கும், துணி அவ்வளவு கொடுக்காது. ஆகவே முதுகின் நடுவே லைனிங்கில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு விடும்படி தையற்காரரிடம் சொல்ல வேண்டும்.